வரைபடக் கன்சல்டன்ட் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளரும் நாடுகளில் அரசின் வரைபடத் தரவுகளை ஒழுங்குபடுத்த உதவும் ஆலோசகர் குழுக்களில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். "என்ன வேலை?" என்று கேட்டவருக்கு ஒரு வரியில் சொல்லி முடித்ததே இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியில், கல்லூரிக் கருத்தரங்கில், சர்வே துறை நண்பர்களிடம் என்று எங்கே போனாலும் அதே சந்தேகங்கள் வருகின்றன. எழுதி வைத்துவிட்டால் அடுத்த முறை லிங்க்கை அனுப்பிவிடலாம். கேள்விகளை, கேட்டவர்கள் பேசியபடியே விட்டிருக்கிறேன்.

1. கூகுள் மேப்தான் இருக்கே சார், ஒரு நாட்டுக்கு எதுக்குத் தனியா மேப்?

வழி பார்க்க கூகுள் மேப் போதும். நானும் அதைத்தான் பார்க்கிறேன். ஆனால் உங்கள் மனையின் சர்வே எண் என்ன, தெருவுக்கு அடியில் போகும் குடிநீர்க் குழாய் எந்தப் பக்கம் திரும்புகிறது, ஏரி நிரம்பினால் தண்ணீர் எந்த வயல் வரை ஏறும் என்று அதனிடம் கேட்டுப் பாருங்கள். பதில் வராது. அந்தத் தகவலெல்லாம் சர்வே துறை, குடிநீர் வாரியம், பொதுப்பணித் துறை என்று ஆளுக்கொரு பக்கம் கிடக்கிறது.

வரப்புத் தகராறில் கூகுள் கோட்டைக் காட்டி "இதுதான் என் எல்லை" என்று சாதிக்கவும் முடியாது. நாட்டு எல்லையே, பார்ப்பவர் எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்து அதில் மாறித் தெரியும்.

2. தேசிய இடஞ்சார் தரவுக் கட்டமைப்புன்னா என்ன? சாஃப்ட்வேரா, வெப்சைட்டா?

இரண்டும் இல்லை. அது ஒரு ஏற்பாடு. சாலைகளின் வரைபடத்துக்கு எந்தத் துறை பொறுப்பு, கிராம எல்லைக்கு யார், அதை எந்த வடிவத்தில் வைத்திருக்க வேண்டும், இன்னொரு துறை கேட்டால் எத்தனை நாளில், என்ன விலைக்கு, அல்லது இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் பேசி முடித்து எழுதி வைப்பது. வெப்சைட் அதன் வாசல் மட்டும்தான். ஜியோபோர்ட்டல் என்பார்கள்.

மீட்டர் கேஜும் பிராட் கேஜும் சந்திக்கும் ஜங்ஷனில் சரக்கையெல்லாம் இறக்கி வேறு வண்டியில் ஏற்றிய காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இரண்டு பக்கமும் தண்டவாளம் இருந்தது, ரயில் இருந்தது, ஆனால் அகலம் வேறு. துறைகளின் வரைபடங்கள் பெரும்பாலும் அந்த ஜங்ஷனில்தான் நிற்கின்றன.

3. இதை யார் ஆரம்பிச்சது?

இந்தப் பெயரைப் பரப்பியது அமெரிக்கா. 1994 ஏப்ரலில் அதிபர் கிளின்டன் பிறப்பித்த 12906-ஆம் எண் நிர்வாக ஆணை அங்கே இதைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2007-இல் 'இன்ஸ்பயர்' என்ற சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவில் 2001 வாக்கில் பேச்சு தொடங்கி, 2006-இல் அமைச்சரவை ஒப்புதல் கிடைத்தது. 2011-இல் ஐ.நா. இதற்கென்று ஒரு நிபுணர் குழுவையே அமைத்தது.

நாட்டை அளப்பது அதைவிட மிகப் பழைய கதை. இந்திய சர்வே துறை 1767-இல் பிறந்தது. பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி லாம்டன், நாட்டை முக்கோணம் முக்கோணமாகப் பிரித்து அளந்த தன் பெரிய முக்கோண அளவைக்கு அடிக்கோடு போட்டது 1802-இல், நம் பரங்கிமலைப் பக்கம்தான்.

4. ஏம்ப்பா, அந்த ஊர் சர்வேயருங்களே செஞ்சுக்க மாட்டாங்களா? நீ எதுக்குப் போறே?

பெரியப்பா கேட்டது. நியாயமான கேள்வி. அளக்கிற வேலையில் அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை. மலைச்சரிவில் கருவியைச் சுமந்து ஏறியவர்களுக்கு ஏ.சி. அறையில் உட்கார்ந்து நான் என்ன பாடம் எடுப்பது?

வெளியாள் உதவுவது வேறொரு இடத்தில். விவசாயத் துறை அழைத்தால் சர்வே துறை கூட்டத்துக்கு வராது, சர்வே துறை அழைத்தால் புள்ளியியல் துறை வராது. சம்பந்தமே இல்லாத ஒருவன் அழைத்தால் மூவரும் வருகிறார்கள். பங்காளிச் சண்டையில் வெளியூர்ப் பெரியவரைக் கூப்பிடுகிற மாதிரிதான். அவருக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, எந்தப் பக்கமும் சாயாமல் இருந்தால் போதும்.

இந்தியாவும் ஒரு காலத்தில் வாங்கிக்கொண்ட நாடுதான். டேராடூனில் இன்று தொலையுணர்வு (விமான, செயற்கைக்கோள் படங்களிலிருந்து தகவல் எடுப்பது) கற்பிக்கும் நிறுவனம் 1966-இல் நெதர்லாந்து உதவியோடு தொடங்கப்பட்டது. இப்போது ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் அதிகாரிகள் அதே டேராடூனுக்குப் படிக்க வருகிறார்கள்.

5. யார் காசு கொடுக்கிறாங்க? கடனா, இனாமா?

இரண்டும் உண்டு. உலக வங்கி என்றால் பெரும்பாலும் குறைந்த வட்டிக் கடன், சில சமயம் மானியம். பின்லாந்து, ஜப்பான் மாதிரி தனி நாடுகள் நேரடியாகவும் உதவுகின்றன. நேபாளத்தின் அடிப்படை நிலவரைபடங்கள் 1990-களில் பெரும்பகுதி பின்லாந்து உதவியோடு வரையப்பட்டவை. லும்பினிப் பகுதிக்கு ஜப்பான் உதவியது.

வேலை டெண்டர் வழியாக வரும். கன்சல்டன்சி டெண்டரில் விலை மட்டும் பேசாது. தரத்துக்கு மதிப்பெண் போட்டு, அதையும் விலையையும் சேர்த்துப் பார்ப்பார்கள். எங்கள் சி.வி.க்கே மார்க் உண்டு. இனாமாக வருவதில் ஒரு கவனம் வேண்டும். கொடுக்கிற நாட்டின் கம்பெனி மென்பொருளும் கூடவே வரும். முதல் மூன்று வருடம் இலவசம், நான்காவது வருடம் லைசன்ஸ் புதுப்பிக்கும் பில் வந்து நிற்கும்.

6. போய் இறங்கினதும் முதல்ல என்ன செய்வீங்க?

யாரிடம் என்ன இருக்கிறது என்று பட்டியல் எடுப்போம். கேட்க எளிது, நடைமுறையில் மாதக்கணக்காகும்.

ஒரு நாட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சாலைகளின் தரவைக் கேட்டுப் போனோம். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. அதிகாரி டிராயரைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்தார். உள்ளே 'ரோடு', 'ரோடு நியூ', 'ரோடு ஃபைனல்', 'ரோடு ஃபைனல் 2' என்று போய்க் கடைசியில் 'ரோடு இதுதான் சரி' என்று ஐந்து ஃபைல்கள். ஐந்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தால் ஒரே ஆற்றுப் பாலம் மூன்று வேறு இடங்களில் நிற்கிறது. எது சரி என்று நாங்கள் தலையைச் சொறிந்துகொண்டிருந்தோம். எங்களைக் கூட்டிவந்த டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அந்தப் பாலமா? போன மழைக்கு முந்தின மழையிலேயே போயிடுச்சே. இப்ப மேலே தள்ளிப் புதுசு கட்டியிருக்காங்க" என்றார்.

புதிய பாலம் ஐந்து ஃபைலிலும் இல்லை. அன்று குறிப்பேட்டில் எழுதிய முதல் வரி அந்தப் பாலம்தான்.

7. ஒரே இடத்தோட ரெண்டு மேப் ஒண்ணுமேல ஒண்ணு ஏன் ஒட்ட மாட்டேங்குது?

யாராவது தப்பாக வரைந்திருப்பார்கள் என்றுதான் முதலில் தோன்றும். பல சமயம் தப்பே இருக்காது, இரண்டுக்கும் டேட்டம், அதாவது அளக்க அடிப்படையாக எடுத்துக்கொண்ட பூமியின் வடிவம், வேறாக இருக்கும். பூமி சரியான உருண்டை இல்லை. ஆகவே ஒரு கணித வடிவத்தை அதற்குப் பொருத்தி, அதன்மேல்தான் அளக்கிறோம். நம் துணைக்கண்டத்துக்கு 1830-இல் சர்வே அதிகாரி ஜார்ஜ் எவரெஸ்ட் பொருத்திய வடிவம் ஒன்று. இன்றைய ஜி.பி.எஸ். பயன்படுத்துவது இன்னொன்று. அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் ஒன்றாகவே இருந்தாலும் இரண்டிலும் புள்ளி சில நூறு மீட்டர் தள்ளி விழும். பள்ளிக்கூடம் ஆற்றுக்குள் போய் நிற்பது இப்படித்தான்.

நேபாளத்தில் இதற்கு மேல் இன்னொரு சிக்கல். நாட்டை 81, 84, 87 டிகிரி தீர்க்கரேகைகளை நடுக்கோடாக வைத்து மூன்று பட்டைகளாகப் பிரித்து வரைந்திருக்கிறார்கள். காத்மாண்டு நகரத்துக்குச் சற்றுக் கிழக்கே பட்டை மாறிவிடும். கவனிக்காமல் இரண்டு பட்டைத் தாள்களைச் சேர்த்தால் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் எங்கெங்கோ போய் விழும். போதாததற்கு 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் காத்மாண்டுவே ஏறக்குறைய ஒன்றரை, இரண்டு மீட்டர் தெற்கே நகர்ந்து, ஒரு மீட்டர் அளவுக்கு உயர்ந்தும்விட்டது. மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமாகக் கல் நட்டு அளந்து வைத்த கட்டுப்பாட்டுப் புள்ளிகள் கல்லோடு சேர்ந்து நகர்ந்தன. அளந்தவர் மேல் பழி போட முடியாது.

இலங்கை நண்பர்களுக்கு ஒரு குறிப்பு: இடங்களுக்கு எண் கொடுக்கும் உங்கள் பழைய வரைபடக் கட்டத்தில் பிதுருதலாகலை மலைக்கு இரண்டு திசையிலும் 2,00,000 மீட்டர் என்ற எண். 1999-க்குப் பிந்தைய கட்டத்தில் 5,00,000. பழைய எண்ணைப் புதிய கட்டத்தில் போட்டால் ஊர் கடலுக்குப் போய்விடும். நல்லவேளை, அவ்வளவு பெரிய தவறு உடனே கண்ணில் படும். பத்து மீட்டர் தவறுதான் வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் இருக்கும்.

8. டேபிளை எல்லாம் ஊர்ப் பேரை வச்சு சேர்த்துடலாமே? அதுக்கு ஏன் கோட் நம்பர்?

தூத்துக்குடி என்று ஒரு துறையும் டூட்டிகோரின் என்று இன்னொரு துறையும் எழுதியிருந்தால் கம்ப்யூட்டருக்கு அவை இரண்டு ஊர். தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பில் 32 மாவட்டங்கள். 2019, 2020-இல் பிரித்து 38 ஆயின. ஒரு அட்டவணையில் 'வேலூர்' என்று பார்த்தால், அது பிரிவதற்கு முந்தைய வேலூரா, ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் போன பிறகு மிஞ்சிய வேலூரா?

நேபாளத்தில் இது பல மடங்கு. 2015 அரசியல் சட்டத்துக்குப் பின், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய கிராமக் குழுக்களையும் நகராட்சிகளையும் கலைத்துச் சேர்த்து 753 உள்ளாட்சிகளாக்கினார்கள். அதற்கு முன் சேகரித்த எந்தப் புள்ளிவிவரமும் புது எல்லைக்குள் அப்படியே பொருந்தாது. ஆகவே ஊருக்கு ஒரு எண், அந்த எண் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்ற குறிப்பு, பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் தொடர்புப் பட்டியல் மூன்றும் வேண்டும். இந்த வேலையில் மிகச் சலிப்பான பகுதி இதுதான். என் கணிப்பில் அதிகம் பயன்படுவதும் இதுவே.

9. மெட்டாடேட்டா மெட்டாடேட்டான்னு உயிரை எடுக்கறீங்களே, அதை யார் படிக்கிறாங்க?

மெட்டாடேட்டா என்றால் தரவைப் பற்றிய குறிப்பு. அஞ்சறைப் பெட்டியில் சீரகத்தையும் சோம்பையும் பார்த்தவுடன் பிரிப்பது அம்மா இருக்கும் வரை சரி. அம்மா ஊருக்குப் போன அன்று சமைத்துப் பாருங்கள். ஆறாம் கேள்வியின் ஐந்து ஃபைல்களும் அந்த நிலைதான். யார் வரைந்தது, எந்த வருடப் படத்தைப் பார்த்து, எந்த டேட்டத்தில், சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று நான்கு வரி இருந்திருந்தால் எங்களுக்கு ஒரு மாதம் மிச்சம்.

இதற்கென்று ஐ.எஸ்.ஓ. 19115 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. அதன் கட்டங்கள் அத்தனையையும் நிரப்பச் சொன்னால் ஒருவரும் ஒன்றையும் நிரப்ப மாட்டார்கள். நான் பத்துக் கட்டத்துக்கு மேல் கேட்பதில்லை. சக கன்சல்டன்ட்கள் இதற்காக என்னைத் திட்டுவதுண்டு.

10. அரசாங்கத் துறைதானே எல்லாம்? ஒரு ஆர்டர் போட்டா கொடுத்துட மாட்டாங்களா?

ஆர்டர் போடுவார்கள். தரவும் வரும். பி.டி.எஃப்.-ஆக வரும், அதுவும் ஸ்கேன் செய்த பி.டி.எஃப். ஆர்டரை மீறியதாக யாரும் சொல்ல முடியாது, தரவைப் பயன்படுத்தவும் முடியாது.

கொடுக்கத் தயங்குபவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் பக்கம் காரணம் இருக்கிறது. பல நாடுகளில் சர்வே துறைக்கு வரைபட விற்பனை ஒரு வருமானம். அதை இலவசமாக்கு என்றால் அந்தப் பணத்தை நிதித்துறை ஈடுகட்டுமா? இன்னொரு பயம், தவறு வெளியே தெரிந்துவிடும் என்பது. நம் வீடுகளில் இரவல் போன பாத்திரம் நசுங்கித்தான் திரும்பும் என்று ஒரு கிலி உண்டே, அதுவும் இருக்கும். யாரோ கைவைத்து மாற்றிவிட்டு 'மூலம்: சர்வே துறை' என்று போட்டால் கெட்ட பெயர் யாருக்கு?

நான் செய்வது, முதலில் கேட்காமல் கொடுப்பது. சுகாதாரத் துறையிடம் தரவு கேட்பதற்கு முன், அவர்களுடைய தடுப்பூசி மையங்களைச் சாலை வரைபடத்தில் போட்டு, எந்தக் கிராமத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று அச்சிட்டுக் கொண்டுபோவேன். அதில் இரண்டு மூன்று மையங்கள் தவறான இடத்தில்தான் இருக்கும். "இது இங்கே இல்லப்பா" என்று பேனாவால் திருத்த ஆரம்பிப்பார்கள். அந்தப் பேனா இறங்கியதும் பாதி வேலை முடிந்தது.

11. ராணுவ ரகசியம்னு சொன்னா என்ன செய்வீங்க?

வாதாட மாட்டேன். எது ரகசியம் என்று பட்டியல் எழுதித் தரச் சொல்வேன். பட்டியல் எழுதும்போது அது தானாகச் சுருங்கும்.

இந்தியாவே நல்ல உதாரணம். 2005 வரைபடக் கொள்கை, பாதுகாப்புக்கு ஒரு தொகுதி, பொதுமக்களுக்கு ஒரு தொகுதி என்று வரைபடங்களை இரண்டாகப் பிரித்தது. 2021 பிப்ரவரி 15-இல் வந்த வழிகாட்டுதல் இந்தியர்களும் இந்திய நிறுவனங்களும் வரைபடம் தயாரிக்க முன் அனுமதி, லைசன்ஸ் தேவையில்லை என்றது. கிடைமட்டத்தில் ஒரு மீட்டர், உயரத்தில் மூன்று மீட்டர் என்று ஒரு வாசல் வைத்து, அதைவிடத் துல்லியமான தரவை உருவாக்குவதை இந்திய நிறுவனங்களுக்கு மட்டும் ஒதுக்கியது. அடுத்த வருட டிசம்பரில் தேசியப் புவிசார் கொள்கையும் வந்தது. பக்கத்து நாடுகளில் பேசும்போது இந்த 2021 ஆவணத்தை மேசையில் வைத்தால் பேச்சின் தொனி மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

12. ஆரம்ப விழா எல்லாம் பிரமாதமா நடக்குது. ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்த்தா அந்த போர்ட்டல் திறக்கவே மாட்டேங்குதே?

கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை குவியும், தினமும் விளக்கேற்ற எண்ணெய்க்குத்தான் வழி இருக்காது. போர்ட்டல் கட்டும் செலவு புராஜெக்ட் கணக்கில் வரும். சர்வர் வாடகை, டொமைன் புதுப்பிப்பு, ஜெனரேட்டர் டீசல், யூ.பி.எஸ். பேட்டரி எல்லாம் அந்நாட்டுத் துறையின் சொந்த பட்ஜெட்டில் வர வேண்டும். புராஜெக்ட் முடியும் மாதத்தில்தான் அந்த பட்ஜெட்டில் அப்படி ஒரு தலைப்பே இல்லை என்பது பலருக்கு நினைவு வரும்.

ஆட்களும் அப்படித்தான். நன்றாகப் பயிற்சி பெற்ற இருவரில் ஒருவர் மாற்றலாகிப் போவார், இன்னொருவருக்குத் தனியார் வேலை கிடைக்கும். அவர்கள் போவது நியாயம். இரண்டே பேருக்குப் பயிற்சி கொடுத்த எங்கள் திட்டம்தான் அநியாயம்.

13. நல்லபடியா நடந்த நாடு ஒண்ணாவது இருக்கா?

ருவாண்டாவின் நிலப் பதிவு. 2009 முதல் சில வருடங்களுக்குள் நாடு முழுவதும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மனைகளுக்கு எல்லை குறித்தார்கள். நம் ஊர் சர்வேயர் மாதிரி சங்கிலி பிடித்து ஒவ்வொரு மூலையும் அளக்கவில்லை. விமானத்திலிருந்து எடுத்த படத்தைப் பெரிதாக அச்சிட்டு, கிராமத்திலேயே ஆள் எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். நிலத்துக்காரரும் பக்கத்து நிலத்துக்காரரும் கூட நிற்க, எல்லையை நடந்து காட்ட, படத்தின் மேல் பேனாவால் கோடு. அங்கேயே ரசீது. கணவன் மனைவி இருவர் பெயரும் பதிவில். மனைக்கு ஆறேழு டாலர்தான் செலவானது.

கோடு சற்று முன்பின் இருக்கலாம். பரவாயில்லை, பக்கத்துக்காரர் ஒப்புக்கொண்ட கோடு அது. துல்லியமாக அளந்து பத்து சதவீத நாட்டை முடிப்பதைவிட, சுமாராக அளந்து முழு நாட்டை முடிப்பது மேல் என்ற முடிவு. எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது.

ஆனால் பதிவு முடிந்த பின் வந்த சிக்கல் பன்னிரண்டாம் கேள்வியின் தம்பி. சின்னத் துண்டு நிலத்தை விற்றாலும் பெரிய நிலத்துக்குரிய அதே கட்டணம் என்றிருந்ததால், பலர் பதிவு செய்யாமலே கை மாற்றினார்கள். பதிவேட்டில் ஒரு பெயர், வயலில் இன்னொருவர்.

14. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல வாலன்டியர்ஸே வரைஞ்சுடறாங்களே, அண்ணா? அப்புறம் இதெல்லாம் எதுக்கு?

அவர்கள் வேகம் எந்த அரசுக்கும் வராது. 2010 ஜனவரி ஹெய்ட்டி நிலநடுக்கத்துக்குப் பின் போர்ட்-ஓ-பிரின்ஸின் தெருக்களை உலகம் முழுக்க உட்கார்ந்திருந்த தன்னார்வலர்கள் சில நாள்களில் வரைந்து தள்ளினார்கள். மீட்புக் குழுக்கள் அதைத்தான் பயன்படுத்தின. காத்மாண்டுவில் 2015-க்கு முன்பே உள்ளூர் இளைஞர்கள் அமைப்பாகச் சேர்ந்து பள்ளிகள், மருத்துவமனைகளைக் குறித்து வைத்திருந்தது பெரிய உதவியானது.

சாலை, கட்டடம் மாதிரி கண்ணால் காணக்கூடியதற்கு அது போதும். யாருடைய நிலம், எந்த வார்டு எல்லை, எந்தக் குழாய் என்பவை செயற்கைக்கோள் படத்தில் தெரியாது. அங்கே ஒரு அலுவலகம் கையெழுத்துப் போட்டாக வேண்டும். இரண்டையும் எதிரிகளாக நினைக்காத அதிகாரி கிடைத்தால் நான் அன்று டீ வாங்கிக் கொடுப்பேன்.

15. ஓப்பன் சோர்ஸா, காசு கொடுத்து வாங்கறதா?

அந்த அலுவலகத்தில் பழுது பார்க்க ஆள் எதற்குக் கிடைப்பாரோ அது. வரைபடத் தரவைப் பகிரும் போர்ட்டல் கட்ட உதவும் ஜியோநோட் என்ற இலவச மென்பொருள் 2009 வாக்கில் உலக வங்கியின் பேரிடர் திட்டம் ஒன்றிலிருந்து பிறந்தது. ஏழை நாடுகளை மனதில் வைத்தே செய்தது, நானும் அதைத்தான் முதலில் சொல்வேன். இலவசம் என்பது லைசன்ஸுக்கு மட்டும்தான், ஆளுக்குச் சம்பளம் உண்டு. ஐந்தாம் கேள்வியின் நான்காவது வருட பில்லையும் இந்தச் சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

16. உங்க ரிப்போர்ட் எல்லாம் நாட்டுப் பேரை மட்டும் மாத்தின மாதிரி இருக்கே? காப்பி பேஸ்ட்டா?

சிலது அப்படித்தான். ஒரு நாட்டு அறிக்கையில் இன்னொரு நாட்டின் தலைநகர் எட்டிப் பார்த்ததை நானே பார்த்திருக்கிறேன்.

ஒரே மாதிரி இருக்க நேர்மையான காரணமும் உண்டு. 2018-இல் ஐ.நா.வும் உலக வங்கியும் சேர்ந்து ஒன்பது பாதைகள் கொண்ட ஒரு பொதுச் சட்டகத்தை வெளியிட்டன. அதன்பின் பெரும்பாலான அறிக்கைகள் அந்த ஒன்பது தலைப்பிலேயே வருகின்றன. அவற்றில் தரவு, புதுமை, தரநிலை என்று மூன்றுதான் எங்கள் படிப்புக்குப் பக்கத்தில். மீதி ஆறும் நிர்வாகம், சட்டம், நிதி, கூட்டுறவு, ஆள் தயாரிப்பு, மக்கள் தொடர்பு. முதலில் பார்த்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பத்தாம், பன்னிரண்டாம் கேள்விகளில் சொன்ன அடிகளை வாங்கிய பின் அந்த விகிதம் சரி என்று புரிந்தது. சட்டகத்தில் தவறில்லை. ஹார்ட் டிஸ்க்கைப் பார்க்காமல், டிரைவரிடம் பேசாமல், ஹோட்டலில் உட்கார்ந்து அதை நிரப்புவதுதான் தவறு.

17. நான் கிண்டியில ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் படிக்கிறேன். இந்த வேலைக்கு வர என்ன செய்யணும்?

1794-இல் சர்வே பள்ளியாகத் தொடங்கிய கல்லூரியில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கேட்கிறீர்கள்! சாஃப்ட்வேர் நீங்கள் எப்படியும் கற்றுக்கொள்வீர்கள். அதோடு தரவுத்தளங்களிலிருந்து தகவல் எடுக்கும் மொழியான எஸ்.க்யூ.எல். நன்றாகத் தெரியட்டும். பிரெஞ்சு கொஞ்சம் தெரிந்தால் மேற்கு ஆப்பிரிக்கா திறக்கும். ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதத் தெரிந்தவர்கள் இந்தத் துறையில் மிகக் குறைவு.

இதெல்லாவற்றுக்கும் முன், விடுமுறையில் உங்கள் ஊர் வி.ஏ.ஓ.வோடும் சர்வேயரோடும் ஒரு வாரம் சுற்றுங்கள். புல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு காணாமல் போன சர்வே கல்லைத் தேடுங்கள். பட்டாவில் இருக்கும் பெயர் இறந்துபோன தாத்தாவுடையதாக இருப்பதையும், நான்கு பேரன்கள் வாய்ப்பேச்சில் பிரித்துக்கொண்டு உழுவதையும் பாருங்கள். ருவாண்டா பதிவேட்டின் பிரச்சினை உங்களுக்கு விளக்காமலே விளங்கிவிடும்.

18. நீங்க கிளம்பி வந்த பிறகு அது ஓடுதான்னு எப்படித் தெரியும்?

அதைப் பார்க்கச் சொல்லி எந்த ஒப்பந்தமும் எனக்குக் காசு கொடுத்ததில்லை. கடைசித் தவணை கிடைப்பது அறிக்கையை ஒப்படைத்ததற்குத்தான். நானாகத்தான் அவ்வப்போது அந்த போர்ட்டல்களைத் திறந்து பார்ப்பேன். வரைபடத்தைப் பார்க்க மாட்டேன், சாலை, கிராம எல்லை என்று தனித்தனியாக இருக்கும் ஒவ்வொரு அடுக்குக்கும் கீழே 'கடைசியாகத் திருத்திய தேதி', 'பொறுப்பாளர்' என்று இரண்டு கட்டங்கள் இருக்கும், அதைத்தான் பார்ப்பேன்.

ஆறாம் கேள்வியின் நாட்டை, கிளம்பி மூன்று வருடம் கழித்து ஓர் இரவு திறந்தேன். சுகாதார மையங்கள் அடுக்கில் நாங்கள் விமானம் ஏறிய வாரத்தின் தேதி அப்படியே நின்றது. கிராம எல்லை அடுக்கு திறக்கவே இல்லை. சாலை அடுக்கைத் திறந்தேன். புதிய பாலம் இருந்தது, அதற்கும் மேலே நான் பார்த்தேயிராத ஒரு சாலை போனது. தேதி, முந்தின மாதம். பொறுப்பாளர் இடத்தில் எனக்குத் தெரியாத ஒரு பெண்ணின் பெயர்.